தடைக்காலத்துல கடல் மீன்பிடி டிரிப் வித்து 23,600 ரூபாயைச் சுருட்டிட்டாங்க – சேலம், ஏற்காடு தூண்டில்காரங்க கவனத்துக்கு

சேலம், ஓமலூர், ஆத்தூர், ஏற்காடு பக்கம் தூண்டில் பிடிக்கிறவங்க எல்லாரும் இதைப் படிங்க. கோபத்துல எழுதுறேன், அங்கங்கே முன்னே பின்னே இருந்தா பொறுத்துக்குங்க.

23,600 ரூபாய். ஏற்காட்டுல எஸ்டேட் வேலையில இருக்கிற என் மச்சானும் அவன் கூட்டாளிங்க மூணு பேரும் சேர்ந்து கட்டின பணம். வாங்கினது டிரிப் புக் பண்ற ஒரு ஆப். அதுக்கு ஏஜென்ட் சேலம் டவுனுக்குள்ள தூண்டில் சாமான் விக்கிற ஒரு கடை. பேர் போடலை. புகார் கொடுத்திருக்கு, அது ஒரு வழிக்கு வரட்டும். இதே சரக்கை நாளைக்கு வேற பேர்ல வேற கடை விக்கும், அதனால எப்படி வித்தாங்கன்னு தெரிஞ்சுக்குங்க.

அவங்க சொன்ன டிரிப் இது: மே மாசம் இரண்டாவது சனிக்கிழமை, கடலூர்ல இருந்து விசைப்படகு, விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பி 20 கடல் மைல் உள்ளே. வஞ்சிரம், பாறை, சீலா, சூரை. சீட்டு 3,800. ‘அரசு பெர்மிட்’ 1,200. ஆக 5,000, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 900. தலைக்கு 5,900. நாலு பேருக்கு 23,600.

ஏப்ரல் முதல் வாரம் கடைக்குப் போனப்ப கவுண்டர்ல இருந்த தம்பி சும்மா பேசி அனுப்பலை. நாலாம் நம்பர் பிரெய்டை (பின்னின தூண்டில் நூல்) எடுத்து, நுனியில கட்டுற 60 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லீடர் நூலோட எஃப்ஜி முடிச்சு (ரெண்டு நூலையும் இணைக்கிற ஒல்லியான முடிச்சு) போட்டுக் காட்டியிருக்கான். இருபது சுத்து, இழுத்து இறுக்கி, மிச்சத்தை வெட்டி, ராடு வளையத்துல ‘டக்’னு சத்தம் வராம ஓட விட்டிருக்கான். வஞ்சிரத்துக்குப் பல்லு கத்தி மாதிரி, அதனால ஜிக்குக்கு (உலோகப் போலி இரைக்கு) முன்னால ஒரு சாண் ஸ்டீல் ஒயர் போடணும்னும், டிராக்கை (ரீல் நூலை விடுற இறுக்கத்தை) நூல் தாங்குற எடையில மூணுல ஒரு பங்குக்கு வைக்கணும்னும் சொல்லியிருக்கான். அத்தனையும் சரியான விஷயம். இவ்வளவு தெரிஞ்சவன் கடலையும் தெரிஞ்சு வச்சிருப்பான்னு யாருக்கும் தோணும். அங்கேயே ஜிபே பண்ணிட்டாங்க. “பெர்மிட்டெல்லாம் நாங்க பாத்துக்கறோம்ணா, நீங்க தொப்பியும் மோர் பாட்டிலும் எடுத்துட்டு வந்தா போதும்”னு லேமினேட் பண்ணின நாலு அட்டையும் கொடுத்திருக்கான்.

அந்த அட்டை என் கைக்கு வந்தது மே முதல் வாரம். தேதியைப் பார்த்ததுமே விஷயம் புரிஞ்சு போச்சு.

கிழக்குக் கரையில ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, ரெண்டு தேதியும் சேர்த்து 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். திருவள்ளூர்ல ஆரம்பிச்சு கன்னியாகுமரி கிழக்குப் பக்கம் வரைக்கும். மீன் முட்டை போட்டுப் பெருகுற காலம்னு 1983ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்துக்குக் கீழ வருஷா வருஷம் போடுறது. முன்னே 45 நாளா இருந்தது, 2017ல இருந்து 61 நாள் ஆச்சு. இது ரகசியம் இல்லை. பேப்பர்ல வரும், டிவியில வரும், மீன் மார்க்கெட்டுல வஞ்சிரம் விலையைக் கேட்டாலே தெரியும். கடலூர்ல போய் அந்த டிரிப்பை விக்கச் சொல்லுங்க, டீக்கடைக்காரர்கூடச் சிரிப்பார். கடலே இல்லாத ஊருன்னுதான் நம்மகிட்ட விக்கிறான்.

கடைத் தம்பிகிட்டக் கேட்டதுக்கு அவன் சொன்ன முதல் பதில்: “தடை வலைக்குத்தாண்ணா, தூண்டிலுக்கு இல்லை.” பாதி உண்மை மாதிரி கேக்கும், அதனால விளக்கிடுறேன். தடையில நிக்கிறது விசைப்படகு. அதுல நீங்க இழுவலை போடுறீங்களா, தூண்டில் போடுறீங்களாங்கிறது அப்புறம். படகே துறைமுகத்தை விட்டுக் கிளம்பாது. கரையோரமா போற நாட்டுப்படகுங்க தடைக்காலத்துலயும் தொழிலுக்குப் போறது உண்மைதான். ஆனா இவன் வித்தது 20 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், அப்ப கிட்டத்தட்ட 37 கிலோமீட்டர் உள்ளே. 12 கடல் மைல் வரைக்கும் மாநில அரசு கணக்கு, அதைத் தாண்டினா ஒன்றிய அரசு கணக்கு. அந்தப் பக்கத்துக்கு ஒன்றிய அரசு போடுற தடையில மோட்டார் இல்லாத பாரம்பரியப் படகுக்கு மட்டும்தான் விலக்கு. துடுப்புப் போட்டு 37 கிலோமீட்டர் கூட்டிட்டுப் போகப் போறானா?

ரெண்டாவது பதில்: “அப்ப பாண்டிச்சேரியில இருந்து ஏத்திடறோம்ணா, அது யூனியன் பிரதேசம், அங்க தடை இல்லை.” பச்சைப் பொய். புதுச்சேரி, காரைக்கால், ஏனாம் மூணுக்கும் அதே ஏப்ரல் 15, அதே ஜூன் 14. மாகே மட்டும் மேற்குக் கரையில இருக்கிறதால ஜூன் 1 முதல் ஜூலை 31.

மே மாசம் லீவுல கடலுக்குப் போயே ஆகணும்னா கிழக்கை விட்டுட்டு மேற்கைப் பாருங்க. கன்னியாகுமரி மாவட்டத்து மேற்குக் கரையில, குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் மூடுறது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கேரளத்துல இழுவலைத் தடை ஜூன் 9 நள்ளிரவுல ஆரம்பிச்சு ஜூலை 31 வரை 52 நாள். ஆக, மே மாசம் மேற்கு திறந்திருக்கும், கிழக்கு மூடியிருக்கும். ஜூன் 15ல இருந்து அப்படியே தலைகீழ். இந்த ஒண்ணை மனசுல வச்சிருந்தா இந்த மாதிரி ஆளுங்க உங்ககிட்ட வாயே திறக்க முடியாது.

இப்ப அந்த அட்டைக்கு வர்றேன். 1,200 ரூபாய் பெர்மிட்! மேல ஒரு சிங்க முத்திரை, கீழ கையெழுத்து மாதிரி ஒரு கிறுக்கல். பின்பக்கம் ‘பிடிப்பு வரம்பு’ன்னு ஒரு பட்டியல். ஸ்ட்ரைப்டு பாஸ் ஒரு ஆளுக்கு ஒண்ணு, நீளம் 28 அங்குலத்துல இருந்து 31 அங்குலத்துக்குள்ள. ரெட் டிரம் 18ல இருந்து 27 அங்குலம். ரெட் ஸ்னாப்பர் ஆளுக்கு ரெண்டு, குறைஞ்சது 16 அங்குலம். படிச்சுட்டுச் சிரிக்கிறதா அழறதான்னு தெரியலை. ஸ்ட்ரைப்டு பாஸ் அமெரிக்காவோட அட்லாண்டிக் கரை மீன். ரெட் டிரம்மும் அந்த ஊரு மீன்தான், 18–27ங்கிறது ஃப்ளோரிடா கணக்கு. ரெட் ஸ்னாப்பர் ரெண்டு, 16 அங்குலம்ங்கிறது மெக்சிகோ வளைகுடா கணக்கு. நம்ம சங்கரா அது கிடையாது. அந்த நாட்டு விதியை அப்படியே நகல் எடுத்து, மேல சிங்கத்தை ஒட்டி, சேலத்துல 1,200 ரூபாய்க்கு வித்திருக்காங்க. நாலு அட்டைக்கு 4,800, அதுக்கும் ஜிஎஸ்டி. அரசாங்கக் கட்டணம்னு சொல்லிட்டு அதுமேல வரி போடுற ரசீதை நான் வேற எங்கயும் பார்த்ததில்லை.

நம்ம ஊர்ல எது இருக்குன்னும் சொல்லிடுறேன். இங்க விதி பெரும்பாலும் படகு மேலயும், வலை மேலயும், இடம், இனம் மேலயும்தான் இருக்கு. படகு மீன்வளத் துறையில பதிவாகி இருக்கணும். கரையை ஒட்டின கடல் பாரம்பரிய மீனவங்களுக்கு ஒதுக்கினது, விசைப்படகு அதுக்குள்ள தொழில் பண்ணக் கூடாது. அளவு விதி கேரளத்துல கறாரா இருக்கு: 2015ல 14 இனம், 2017ல இன்னும் 44, மொத்தம் 58 இனத்துக்குக் குறைந்தபட்ச நீளம். மத்தி 10 சென்டிமீட்டர், அயிலை 14 சென்டிமீட்டர், அதுக்குக் குறைஞ்சா பிடிக்கக் கூடாது. அங்குலத்துல போட்டு எவனாவது நீட்டினா அது நம்ம சட்டம் இல்லைன்னு அப்பவே தெரிஞ்சுக்கலாம்.

இனம்னு சொன்னேனே, அது 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். திமிங்கலச் சுறா, வேளா (ரம்பம் மாதிரி மூக்கு உள்ள மீன்), கடல் குதிரை, கடல் அட்டை, ஆமை எதையும் தொடக் கூடாது. முதல் பட்டியல்ல இருக்கிற உயிரினம்னா மூணு வருஷத்துல இருந்து ஏழு வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். தூண்டில்ல தானா மாட்டினாலும் முள்ளைக் கழட்டி, இல்லைன்னா நூலை வாய்க்கிட்ட வெட்டி, தண்ணியிலேயே விட்டுடணும். படகு மேல தூக்கி வச்சு போட்டோ எடுத்தா அந்தப் போட்டோவே சாட்சி. இதுல ஒரு வரிகூட அந்த அட்டையில இல்லை. ஃப்ளோரிடா மீனுக்கு மட்டும் இடம் இருந்திருக்கு.

படகு நம்பர் கேட்டதுக்கு வாட்ஸ்அப்ல ஒண்ணு அனுப்பினான். ஐஎன்டி, டிஎன்னு ஆரம்பிச்சு நடுவுல எம்எம்னு இருந்தது. எம்எம்னா இன்ஜின் படகுக்குள்ளேயே பொருத்தின விசைப்படகு. எம்ஓன்னா வெளியே மோட்டார் மாட்டினது. என்எம்னா மோட்டாரே இல்லாதது. இந்த ரெண்டு எழுத்தை வச்சே தடைக்காலத்துல எது நிக்கும்னு சொல்லிடலாம். கடலூர்ல தெரிஞ்சவர் மூலமா படகுக்காரரையே பிடிச்சுப் பேசினோம். “எந்த டிரிப்புங்க? படகைக் கரையில ஏத்தி பெயிண்ட் அடிச்சிட்டு இருக்கோம், இன்ஜினே கழட்டிக் கிடக்கு. எனக்கு ஒருத்தரும் அஞ்சு பைசா தரலை”ன்னார். அதோட அவர் படகு மீன்பிடிக்குப் பதிவானது, காசு வாங்கிட்டு டூரிஸ்ட்டை ஏத்துறதுக்கு இல்லை. நடுக்கடல்ல ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் முதல்ல பார்க்கிறது அதைத்தான்.

அதுக்கப்புறம்தான் கூத்து. கடைக்குப் போனா, “நான் கமிஷனுக்குப் புக் பண்ணித் தர்றவன்ணா, பணம் ஆப்புக்குப் போயிடுச்சு.” ஆப்புல கேட்டா, “உள்ளூர் பார்ட்னரைத் தொடர்பு கொள்ளவும்.” பார்ட்னர் யாருன்னா அதே கடை! மறுபடி ஆப்புல எழுதினா, “மோசமான வானிலையால் டிரிப் தள்ளி வைக்கப்பட்டுள்ளது, வானிலைக் காரணத்துக்குப் பணம் திரும்பத் தரப்படாது”ன்னு ஒரு பதில், உடனே புகாரை ‘தீர்க்கப்பட்டது’ன்னு மூடிட்டாங்க. வானிலையாம்! வருஷத்துக்கு முன்னாலேயே தெரிஞ்ச தடைத் தேதிக்குப் பேர் வானிலை. ஏன் அப்படி எழுதுறான்னு பாருங்க: தடைன்னு ஒத்துக்கிட்டா, ஆரம்பத்துலயே நடக்க முடியாத டிரிப்பை வித்தேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. வானிலைன்னா அவனோட கண்டிஷன் பேப்பர்ல தப்பிச்சிடலாம். எழுத்துல “தடைக்காலத்தால் ரத்து”ன்னு கொடுங்கன்னு கேட்டோம், அதுக்கு மட்டும் இன்னும் பதிலே வரலை. 23,600க்குக் கடைசியா கொடுக்கிறேன்னு சொன்னது ஆப்புக்குள்ள செல்லுற 2,000 ரூபாய் கூப்பன்.

இதுக்கு மேல ஒண்ணு இருக்கு, இதுதான் என் வயித்தெரிச்சல். “பணத்துக்குப் பதிலா மண்டபம் பக்கம் தீவுல ரெண்டு நாள் டிரிப் தர்றோம்ணா, அங்க பாறை மீன் சும்மா குதிக்கும்”னு மச்சானுக்குத் தனியா போன் பண்ணியிருக்கான். மன்னார் வளைகுடாவுல தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல இருக்கிற 21 தீவும் கடல்சார் தேசியப் பூங்கா. 1986ல அறிவிச்சது, 560 சதுர கிலோமீட்டர். அங்க தூண்டில் போட்டா மீன்வளத் துறை இல்லை, வனத்துறை பிடிக்கும். பணத்தைத் தின்னது பத்தாதுன்னு, ஏற்காட்டுப் பசங்களை வனவிலங்கு வழக்குல வேற மாட்டி விடப் பார்த்திருக்கான்.

ரசீதுல 3,600 ரூபாய் ஜிஎஸ்டி போட்டிருக்கு, ஜிஎஸ்டி எண் எங்கயும் இல்லை. 15 இலக்கம் இருக்கணும், தமிழ்நாட்டுப் பதிவுன்னா 33ல ஆரம்பிக்கும். அந்த வரியும் அவன் பாக்கெட்டுக்குத்தான் போயிருக்கு.

என்னென்ன பார்க்கணும்னு வரிசையா எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்ப மச்சானைக் கூட்டிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பணும். அவசரத்துக்கு இவ்வளவுதான்:

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14க்குள்ள கிழக்குக் கரை ஆழ்கடல் டிரிப்னு எவன் சொன்னாலும் காசு கொடுக்காதீங்க. படகு நம்பரை முதல்ல வாங்கி, அந்தத் துறைமுகத்துல இருக்கிற மீன்வளத் துறை ஆபீசுல கேளுங்க. அரசாங்க பெர்மிட் எதையும் தூண்டில் கடை மேசையில வாங்காதீங்க. முன்பணம் முழுசா கொடுக்கவே கொடுக்காதீங்க.

பணம் போயிட்டா அன்னைக்கே சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போன் போடுங்க, நாள் தள்ளினா அக்கவுண்டுல பணம் நிக்காது. நுகர்வோர் உதவி எண் 1915. ஆப்புல குறைதீர் அதிகாரிக்கு எழுதினா 48 மணி நேரத்துக்குள்ள புகார் வந்ததுன்னு ஒப்புக்கணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும். அது 2020 மின்வணிக விதி. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் கட்டணமே இல்லை. வாட்ஸ்அப்ல பேசினதை அழிக்காதீங்க, அட்டையைத் தூக்கிப் போடாதீங்க.

அந்த அட்டை மாதிரியே சிங்கம் போட்டது வேற யார்கிட்டயாவது இருந்தா முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, புகாரோட சேர்த்துக்கறேன்.