ஐ.சி.ஜே. தீர்ப்பைச் சுட்டுவது எப்படி: புளூபுக்கா, ஆஸ்கோலாவா, கோர்ட்டின் சொந்த முறையா?

அண்ணன் மகள் கோவையில் சட்டக் கல்லூரியில் நாலாம் வருஷம் படிக்கிறாள். போன மாதம் ஈரோட்டுக்கு வந்தபோது பையில் துணிமணியைவிடத் தாள்தான் அதிகம் இருந்தது. மூட் கோர்ட் (மாணவர்கள் கற்பனை வழக்கை வாதிடும்) போட்டிக்கு எழுதிய மெமோரியல், அதாவது எழுத்து வாதம், மார்க்கோடு திரும்பி வந்திருந்தது. ஒரு நாட்டுச் சாயப்பட்டறைக் கழிவு அடுத்த நாட்டு ஆற்றில் கலக்கிறது என்று ஒரு கற்பனை வழக்கு; நொய்யல் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லித்தரவா வேணும்? வாதம் பிரமாதம். மார்க் போனது அடிக்குறிப்பில். ஒரே தீர்ப்பை மூன்று பக்கத்தில் மூன்று விதமாகச் சுட்டியிருந்தாள்.

"இதுல எதுங்க சித்தப்பா சரி?"

"மூணும் சரிதான் அம்மிணி. மூணையும் ஒரே தாள்ல போட்டதுதான் தப்பு."

அந்தத் தீர்ப்பு, டான்யூப் ஆற்று அணைத் திட்டம் பற்றி சர்வதேச நீதிமன்றம் (ஐ.சி.ஜே.) 1997 செப்டம்பர் 25 அன்று சொன்னது. அதைச் சுட்டும் மூன்று முறைகள் இவை; ஆங்கிலத்தில் எழுதுவதைத் தமிழ் எழுத்தில் காட்டுகிறேன். 'ரிப்போர்ட்ஸ்' என்பது கோர்ட்டின் தீர்ப்புத் தொகுதி. புள்ளி, அடைப்புக்குறி, வரிசை இதையெல்லாம் மட்டும் பாருங்கள்.

கோர்ட்டின் சொந்த முறை: கப்சிகோவோ–நாகிமரோஸ் திட்டம் (ஹங்கேரி/ஸ்லோவாக்கியா), தீர்ப்பு, ஐ.சி.ஜே. ரிப்போர்ட்ஸ் 1997, ப. 7.

புளூபுக்: கப்சிகோவோ–நாகிமரோஸ் திட்டம் (ஹங்./ஸ்லோவ்க்.), தீர்ப்பு, 1997 ஐ.சி.ஜே. ரெப். 7 (செப். 25).

ஆஸ்கோலா: கப்சிகோவோ–நாகிமரோஸ் திட்டம் (ஹங்கேரி/ஸ்லோவாக்கியா) [1997] ஐசிஜே ரெப் 7.

புளூபுக் என்கிற சுட்டுமுறைக் கையேடு அமெரிக்கச் சட்ட இதழ்களின் பிள்ளை. எதையும் சுருக்கும், சுருக்கியதற்கெல்லாம் புள்ளி வைக்கும். அர்ஜென்டினா, உருகுவே வழக்கு அதில் 'அர்ஜ். எதிர் உரு.' ஆகிவிடும். சுருக்கப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் ஒரு வரி எழுத முடியாது. புத்தகத்துக்குக் காசும் ஆகும். ஆனால் கடைசியில் நாளையும் மாதத்தையும் போடச் சொல்வது நல்ல பழக்கம்.

ஆஸ்கோலா ஆக்ஸ்போர்டு சட்டத் துறையுடையது, இணையத்தில் இலவசம். புள்ளியே கிடையாது, கண்ணுக்கு உறுத்தாது. நம் ஆட்கள் அதில் தடுமாறுவது அடைப்புக்குறியில்தான். தொகுதியைத் தேட ஆண்டு அவசியம் என்றால் சதுர அடைப்பு, தொகுதி எண்ணே போதும் என்றால் வளைவு அடைப்பு என்பது இங்கிலாந்து வழக்கம். நாமோ திருப்பூர் சாயப்பட்டறை உரிமையாளர் சங்கத்துக்கும் நொய்யல் ஆயக்கட்டுதாரர்களுக்கும் நடந்த வழக்கை, எஸ்சிசி என்ற சுப்ரீம் கோர்ட் தீர்ப்புத் தொகுப்பைக் காட்டி, (2009) 9 எஸ்சிசி 737 என்று வளைவில்தான் எழுதுகிறோம். எஸ்சிசி தொகுதி எண் வருஷா வருஷம் ஒன்றிலிருந்து தொடங்குவதால், அந்தக் கணக்குப்படி சதுரம்தான் வரணும். இங்கே யாரும் அப்படி எழுதுவதில்லை, எழுதவும் வேண்டாம். அந்தக் கையோடு ஐ.சி.ஜே.க்கும் வளைவு போடுவதுதான் வம்பு.

நாட்டுப் பெயர்களுக்கு நடுவில் உள்ள சாய்கோட்டைப் பலர் அச்சுப்பிழை என்று நினைத்து 'எதிர்' என்று திருத்திவிடுகிறார்கள். இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு சேர்ந்து கோர்ட்டுக்குப் போனால் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை, அதனால்தான் கோடு. ஒரு நாடு இன்னொன்றின் மேல் மனுப் போட்டால்தான் 'எதிர்'. மூன்று முறையிலும் இது மாறாது.

ஆஸ்கோலாவின் சுருக்கம் காலை வாருவது ஒரே பெயரில் பல உத்தரவு இருக்கும்போது. சாயப்பட்டறை வாதத்துக்கு ரொம்பவே உதவுவது உருகுவே ஆற்றுக் காகிதக்கூழ் ஆலை வழக்கு. எல்லை தாண்டிப் பெரிய பாதிப்பு வரக்கூடும் என்றால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்வது பொதுச் சர்வதேசச் சட்டப்படியே கட்டாயம் என்று அதன் 204-ம் பத்தி சொல்கிறது. அது 2010 தீர்ப்பு, பக்கம் 14. அதே பெயரில் இடைக்கால நடவடிக்கை பற்றி 2006-ல் ஓர் உத்தரவு (பக்கம் 113), 2007-ல் இன்னொன்று (பக்கம் 3). வெறும் [2006] ஐசிஜே ரெப் 113 என்று எழுதினால் வாசிப்பவருக்கு அது இறுதித் தீர்ப்பா, இடைக்கால உத்தரவா என்று புரியாது. ஆஸ்கோலாவிலும் பெயருக்குப் பின்னால் 'இடைக்கால நடவடிக்கை' என்று அடைப்பில் போட்டுவிடுவது நல்லது. கோர்ட்டின் முறையிலும் புளூபுக்கிலும் அதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது.

எந்த முறையும் காப்பாற்றாத தப்பும் ஒன்று உண்டு, அதையும் இவள் செய்திருந்தாள். நீடித்த வளர்ச்சி ஒரு 'கோட்பாடு, கட்டுப்படுத்தும் வலு உள்ளது' என்று டான்யூப் தீர்ப்பு சொன்னதாக எழுதி, பக்கம் 7-ஐக் காட்டியிருந்தாள். கோர்ட் 140-ம் பத்தியில் அதை 'கருத்தாக்கம்' என்று மட்டும்தான் சொன்னது. வலு உள்ள கோட்பாடு என்றது, கோர்ட்டின் துணைத்தலைவராக இருந்த வீரமந்திரி தீர்ப்போடு சேர்த்துத் தன் பெயரில் எழுதிய தனிக்கருத்து. அது பக்கம் 88-ல் தொடங்குகிறது. இலங்கைக் குளங்களையும் பழைய நீர்ப்பாசனத்தையும் பற்றி அவர் அதில் எழுதியிருப்பதைக் காளிங்கராயன் வாய்க்கால் பாயும் ஊர்க்காரர்கள் ஒருமுறை படிக்கணும். ஆனால் மேற்கோள் காட்டும்போது 'வீரமந்திரியின் தனிக்கருத்து, ப. 88' என்று பிரித்துச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும்.

உலக வர்த்தக அமைப்பு விஷயத்தில் தேதியே மாறும். பெட்ஷீட் நெய்யும் கரூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய வழக்கு: இந்தியப் பருத்திப் படுக்கைவிரிப்பு மேல் ஐரோப்பா போட்ட பொருள்குவிப்புத் தடுப்பு வரி. மேல்முறையீட்டு அமைப்பின் அறிக்கை 2001 மார்ச் 1-ல் சுற்றுக்கு வந்தது, மார்ச் 12-ல் ஏற்கப்பட்டது. புளூபுக்குக்கு ஏற்கப்பட்ட நாள், ஆஸ்கோலாவுக்குச் சுற்றுக்கு வந்த நாள். டபிள்யூ.டி/டி.எஸ்.141/ஏ.பி/ஆர் என்ற ஆவண எண்ணைச் சரியாகப் போட்டுவிட்டால் தேதி தடுமாறினாலும் ஆவணம் கிடைத்துவிடும்.

சரி, எதை எடுப்பது? இங்கே ஹைகோர்ட்டில் தாக்கல் செய்யும் மனுவென்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஐ.சி.ஜே.யின் சொந்த முறையைத்தான் எழுதுவேன். ஐ.சி.ஜே. தளத்தில் இறக்கும் பிடிஎஃப்-இன் முன்பக்கங்களிலேயே எப்படிச் சுட்ட வேண்டும் என்று அச்சடித்திருப்பார்கள். அப்படியே எடுத்துக்கொண்டு பத்தி எண்ணைச் சேர்த்தால் போதும். சுருக்கம் கிடையாது, நீதிபதி குழம்ப மாட்டார். ஆய்வேடு, கட்டுரை என்றால், கைடு வேறு சொல்லாதவரை, ஆஸ்கோலா. புளூபுக்கை யாராவது கேட்டால் மட்டும்தான் தொடுவேன்.

இவளுடைய போட்டி விதியின் நாலாம் பக்கத்தில் புளூபுக் என்றே போட்டிருந்தது. அதைப் படிக்காமலேதான் எழுதியிருக்கிறாள்.