ஈட்டியை எறிந்த பிறகு குத்தலாமா?

பெங்களூரு அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில், ஞாயிறுதோறும் ஐந்து பேர் தமிழிலேயே டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம்; ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டு அது. புதிதாகச் சேர்ந்த தம்பிக்கு முதல் நிலை மாங்க், அதாவது வெறுங்கையால் சண்டை போடும் துறவி. டார்ட்டை (சிறு எறியம்பு) எறிந்தான், எதிரியை நோக்கிப் பாய்ந்து ஓடினான், தாக்கிய பின் கூடுதலாகக் கிடைக்கும் வெறுங்கைக் குத்தான போனஸ் குத்துக்காகப் பகடையைக் கையில் எடுத்தான். ஆட்டத்தை நடத்திய நான், "செல்லாது" என்றேன்.

"கை காலியாகத்தானே இருக்கிறது அண்ணா?"

அவன் கேட்டது நியாயம். ஆனால் நாங்கள் ஆடியது 2014 விதிகள். அதில் வெறுங்கையாலோ மாங்குக்குரிய ஆயுதத்தாலோ தாக்கினால்தான் போனஸ் குத்து உண்டு. குத்துவாளும் ஈட்டியும் கைகலப்பு ஆயுதங்கள், ஆகவே மாங்குக்குரியவை; எறிந்தாலும் கணக்கில் சேரும். டார்ட் தொலைதூர ஆயுதம், சேராது. குத்துவாளுக்கும் டார்ட்டுக்கும் சேதத்தைக் கணக்கிட அதே நான்குமுகப் பகடை, அதே 20 அடி எறிதூரம்! பட்டியலில் எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்பதற்காக ஒரு குத்தைப் பறிப்பது எனக்குச் சரியாகப்படவில்லை.

2024 விதிகள் அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டன. டார்ட் கையை விட்டுப் போனதும் குத்தலாம். எறியும் ஆயுதத்தை உருவுவதும் தாக்குதலிலேயே அடங்கும். ஐந்தாம் நிலை மாங்க் இரண்டு ஈட்டிகளை எறிந்து, ஓடிச் சென்று, மாங்குகளின் சிறப்புத் திறன்களுக்குச் செலவாகும் ஃபோகஸ் புள்ளி ஒன்றைக் கொடுத்து இரண்டு குத்து விடலாம். எறிவதை மட்டும் முதலில் முடித்துவிட வேண்டும். எதிரி ஐந்தடிக்குள் இருந்தால் எறிபவர் இரு பகடை உருட்டி, சிறிய எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதே வகையைச் சேர்ந்த வேறொரு விளையாட்டான பாத்ஃபைண்டரின் 2019இல் வந்த இரண்டாம் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் விலை கேட்கிறது. ஒரு முறைக்கு மூன்று செயல்கள். கையில் இருக்கும் ஈட்டியை எறிய ஒன்று, 25 அடி ஓட ஒன்று, இரண்டு குத்துகள் சேர்ந்த சரமாரிக் குத்துக்கு ஒன்று. அந்த இரு குத்துகளிலும் முதலாவதின் தாக்குதல் உருட்டலில் நான்கு, அடுத்ததில் எட்டு கழியும். மறுமுறை ஈட்டியை உருவவே ஒரு செயல் போய்விடும். எறிந்து குத்தினால் ஓட முடியாது. அனுபவசாலிகளுக்கு இந்தக் கணக்கு விருந்து; எனக்கும் இதுவே மிகவும் பிடிக்கும்.

ஆனாலும் எங்கள் மேசைக்கு 2024 விதிகளையே எடுத்துக்கொண்டோம். ஓடி வந்த வேகத்தில் கை நீட்டும் புதியவனை விதி தடுக்கக் கூடாது. தம்பி இப்போது டார்ட்டை விட்டுவிட்டு வளரி கேட்கிறான். கைக்கோடரியின் கணக்கையே அதற்குக் கொடுத்திருக்கிறேன்: ஆறுமுகப் பகடை, 20 அடி. எறிந்த வளரியைப் போய்த்தான் எடுத்து வர வேண்டும்.