டிரா கை வந்தால்: பெட்டா, செக்கா?

ஃப்ளஷோ (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) ஸ்ட்ரெயிட்டோ (வரிசையாக ஐந்து சீட்டு) சேர இன்னும் ஒரு சீட்டுதான் பாக்கி. டெக்சாஸ் ஹோல்டெம் போக்கரில் இப்படிப்பட்ட டிரா கை அடிக்கடி வரும். பெட் வைத்து எதிராளியை விரட்டிப் பார்ப்பதா, செக் சொல்லிவிட்டு, அதாவது பந்தயம் வைக்காமல், அடுத்த சீட்டுக்குக் காத்திருப்பதா? பலரும் அவுட்ஸை, அதாவது கையைச் சேர்த்துவைக்கும் மீதிச் சீட்டுகளை, எண்ணியே முடிவெடுக்கிறார்கள். செக் சொன்னால் நமக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

அவுட்ஸ் கணக்கு பலருக்கும் மனப்பாடம். மேஜையில் முதலில் விரியும் மூன்று பொதுச் சீட்டு ஃப்ளாப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர். ஃப்ளாப்பிலிருந்து ரிவர் வரை பார்த்தால் ஃப்ளஷ் டிராவுக்கு 9 சீட்டு, 35%. இரண்டு முனையும் திறந்த ஸ்ட்ரெயிட் டிராவுக்கு 8 சீட்டு, 31.5%. கட்ஷாட்டுக்கு (நடுவில் ஒரு எண் மட்டும் குறையும் ஸ்ட்ரெயிட் டிரா) 4 சீட்டு, 16.5%.

உங்கள் கையில் ஆர்ட்டின் 8, ஆர்ட்டின் 7 என்று வையுங்கள். ஃப்ளாப்பில் ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் 4, ஸ்பேடு 2. டர்னில் டைமண்ட் ஜாக். எதிரே ஒரே ஆள். பாட், அதாவது நடுவில் சேர்ந்திருக்கும் பந்தயம், 100 சிப். தெரியாத 46 சீட்டில் 9 உங்களுக்கு வேண்டியவை, அதாவது 19.6%.

நீங்கள் கடைசியாகப் பேசுபவர், எதிராளி செக் சொல்லிவிட்டார் என்றால், நீங்களும் செக் சொல்லி ரிவரை இலவசமாகப் பார்க்கலாம். ரிவரில் நடக்கும் பெட்டிங்கை ஒதுக்கிவிட்டால், அதன் சராசரி மதிப்பு 19.6 சிப். செக்குக்குப் பதில் 50 சிப் பெட் வைத்தால்? அவர் ஃபோல்ட் செய்தால் (கையை விட்டுவிட்டால்) 100 சிப் உங்களுக்கு. கால் செய்தால் (அதே அளவு சிப் போட்டுத் தொடர்ந்தால்) சராசரியாக 11 சிப் நஷ்டம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அவர் நூற்றுக்கு 27, 28 தடவையாவது ஃபோல்ட் செய்தால்தான் பெட் அந்த இலவசச் சீட்டை முந்தும்.

இப்போது இருக்கையை மாற்றுவோம். முதலில் பேச வேண்டியவர் நீங்கள். நீங்கள் செக் சொன்னதும் அவர் பாட் அளவுக்கு பெட் அடிப்பார் என்றால், கால் செய்ய 33% வாய்ப்பு தேவை. உங்களிடம் அது இல்லை, ஃபோல்ட்தான். அப்படியானால் உங்கள் செக்கின் மதிப்பு பூஜ்யம். அதே 50 சிப் பெட் லாபமாக, அவர் நூற்றுக்குப் பத்துத் தடவை ஃபோல்ட் செய்தாலே போதும். சீட்டும் அவுட்ஸும் மாறவே இல்லை, தேவையான ஃபோல்ட் மட்டும் 27-இலிருந்து 10-க்கு இறங்கிவிட்டது. நிஜத்தில் எதிராளி ஒவ்வொரு முறையும் அடிப்பதில்லை என்பதால், உண்மையான எண் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும்.

பெட்டுக்கு இன்னொரு ஆபத்து, பதிலுக்கு வரும் ரெய்ஸ், அதாவது எதிராளி பந்தயத்தை உயர்த்துவது. ஃப்ளஷ் டிராவும் திறந்த ஸ்ட்ரெயிட் டிராவும் சேர்ந்த கைக்கு ஃப்ளாப்பில் 15 அவுட்ஸ், 54%. ஆல்-இன் (மொத்த சிப்பையும் பந்தயமாக வைப்பது) வந்தாலும் கவலையில்லை. கட்ஷாட்டை விட்டுக்கொடுத்தால் இழப்பு சொற்பம். மாட்டிக்கொள்வது இடையில் இருக்கும் 9 அவுட்ஸ் கைதான்: பெரிய ரெய்ஸுக்குக் கால் செய்ய விலை கட்டாது, தூக்கிப்போடவும் மனம் வராது. கடைசி இருக்கையில் இருக்கும்போது இந்த நடுத்தரக் கைகளைத்தான் நான் அதிகம் செக் செய்வேன்.

அதிலும் ஏஸ் உள்ள ஃப்ளஷ் டிரா என்றால் செக் பக்கம் இன்னும் சாய்வேன். ஃப்ளஷ் சேராவிட்டாலும் ஜோடிகூட இல்லாத வெறும் ஏஸ் (ஏஸ் ஹை) சில சமயம், கடைசியில் சீட்டைத் திறந்து காட்டும் ஷோடவுனில் ஜெயிக்கும். 8-7-க்கு அந்த வழி கிடையாது, எதிராளி ஃபோல்ட் ஆனால்தான் பிழைப்பு. பலவீனமான டிராவுக்குத்தான் பெட் கூடுதலாகப் பொருந்துகிறது என்றால் கேட்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

எதிரே மூன்று பேர் இருந்தால் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. ஒவ்வொருவரும் பாதித் தடவை ஃபோல்ட் செய்தாலும், மூவரும் ஒன்றாக விலகுவது 12.5% மட்டுமே. செக். எதைப் போட்டாலும் கால் செய்கிற ஆளிடமும் செக்தான். அவரிடம் வாங்க வேண்டியதை ஃப்ளஷ் சேர்ந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

போர்டில் (மேஜையிலுள்ள பொதுச் சீட்டுகளில்) ஜோடி விழுந்திருந்தால் மேலே போட்ட கணக்கிலும் கழிவு உண்டு. எதிராளியிடம் ஏற்கெனவே ஃப்ளஷை வெல்லும் ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்று சீட்டும் ஒரு ஜோடியும்) இருக்கக்கூடும். அப்போது உங்கள் 9 அவுட்ஸில் ஒன்றுகூட உதவாது.