பழைய வீல் ஹார்ஸுக்கு ஒரு சின்ன புல்லி: வேகம் கூடியதா?

கூடியது. கால் பங்கு. ஆனால் புல்லி, அதாவது எஞ்சின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பெல்ட் ஓடுகிற சக்கரம், வாங்கினால் மட்டும் வேலை முடியாது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1976 வீல் ஹார்ஸ் சி-120. இந்தியானாவின் சவுத் பெண்டில் பிறந்த கம்பெனியின் புல்வெட்டும் சின்ன டிராக்டர், 12 குதிரைத்திறன் கோலர் எஞ்சின், 42 அங்குல டெக் (பிளேடுகள் சுழலும் அடிக்கூடு), முன்னே ஆறும் பின்னே இரண்டுமாக எட்டு கியர். இரும்பு விஷயத்தில் இந்தக் காலத்து வண்டிகள் பக்கத்திலேயே வர முடியாது. ஆனால் புல் வெட்டத் தோதான கியரில் போட்டால் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிற பக்கத்து வீட்டுக்காரர் என்னை முந்திப் போகிறார், அடுத்த கியரில் போட்டாலோ மேடுபள்ளத்தில் சீட்டிலிருந்து தூக்கிப் போடுகிறது. நடுவில் ஒன்று இல்லை, அதுதான் பிரச்சினை.

எஞ்சின் வேகத்தைக் கூட்டலாமே என்பார்கள். வேண்டாம். நிமிடத்துக்கு 3600 சுற்றுக்கு மேல் ஓட்டினால் பழைய எஞ்சினுக்கும் ஆபத்து, பிளேடு முனையின் வேகமும் எல்லை மீறிவிடும். எஞ்சின் பக்கத்துப் புல்லியைப் பெரிதாக்கவும் நான் போகவில்லை, ஏனென்றால் இந்த வண்டியில் டெக்கை ஓட்டும் கிளட்ச் அதோடு சேர்ந்தே உட்கார்ந்திருக்கிறது. அதனால் கியர்பாக்ஸ் பக்கத்துப் புல்லியைச் சின்னதாக்கினேன். இணையத்தில் நாற்பது டாலருக்குள் ஒரு வார்ப்பிரும்புப் புல்லி கிடைத்தது, பழையதைவிட விட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கணக்குப்படி வேகம் 25 சதவீதம் ஏற வேண்டும்.

பொருள் எப்படி? வார்ப்பு நன்றாக இருக்கிறது, பெல்ட் உட்காரும் பள்ளம் வழவழப்பு, சுற்றிப் பார்த்தால் ஆட்டம் இல்லை. ஆனால் கூட வந்த செட் ஸ்க்ரூ, அதாவது புல்லியைத் தண்டில் இறுக்கிப் பிடிக்கும் ஸ்க்ரூ, மட்டமானது. முதல் தடவை இறுக்கும்போதே தலை மழுங்கிப்போய், அதை எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கப் போயிற்று. விற்றவருக்கு எழுதினேன், பதிலே இல்லை. கடையில் நல்ல ஸ்க்ரூ ஒன்று வாங்கிப் போட்டேன், ஒரு டாலர்கூட ஆகவில்லை. பழைய புல்லியைக் கழற்றுவதும் லேசில்லை. துரு எண்ணெய் ஊற்றி இரண்டு நாள் விட்டு, புல்லர் போட்டு இழுத்தேன். சுத்தியல் எடுக்காதீர்கள். அரைநிலா வடிவச் சாவி ஒன்று தண்டில் இருக்கும், அது புல்லுக்குள் விழுந்தால் காந்தத்தோடு மண்டியிட வேண்டும். நான் மண்டியிட்டேன்.

பழைய பெல்ட் இனி தொளதொளவென்று இருக்கும். விட்டத்தில் குறைகிற ஒவ்வொரு அங்குலத்துக்கும் பெல்ட் சுமார் ஒன்றரை அங்குலம் குட்டையாக வேண்டும். இங்கே கார் பெல்ட் வாங்கிவிடாதீர்கள், இந்த வண்டியில் மிதிக்கும் கிளட்ச் என்பது பெல்ட்டைத் தளர்த்தி இறுக்குவதுதான், அப்படி வழுக்கி வழுக்கிப் பிடிக்கும் வேலைக்கு அராமிட் என்ற உறுதியான செயற்கை நூல் போட்ட பெல்ட்தான் தாங்கும். அப்புறம் நான் செய்த முட்டாள்தனம்: பெல்ட்டைப் பிடித்துவைக்கும் கம்பிகளைப் புது அளவுக்கு மாற்றி வைக்க மறந்தேன். கிளட்சை மிதித்தாலும் பெல்ட் புல்லியை விடாமல் சுழல, கியர் கறகறவென்று அலறியது, வண்டி தானாக ஊர்ந்தது. கம்பியை ஒரு மயிரிழை இடைவெளிக்கு வளைத்ததும் சரியாயிற்று.

வேகத்தை அளக்க ஜிபிஎஸ் சரிப்படாது, இந்த மெதுவில் அது குதிக்கும். நான் 88 அடியைக் கயிறு போட்டு அளந்தேன். மணிக்கு ஒரு மைல் என்றால் 88 அடிக்கு சரியாக ஒரு நிமிடம். முன்பு 24 வினாடி, அதாவது இரண்டரை மைல். இப்போது 19, கிட்டத்தட்ட 3.2. என் ஒரு ஏக்கர் ஒன்றே கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு வந்திருக்கிறது.

ஆனால் டெக் பழைய வேகத்தில்தான் சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் பிளேடு அதிகப் புல்லை வெட்ட வேண்டியிருக்கிறது. ஜூலையில் காய்ந்த புல்லில் வெட்டு சுத்தம், மே மாதம் மழைக்குப் பின் அடர்ந்து நிற்கும் புல்லிலோ நடுவில் மீசை மாதிரி கோடு விட்டுப் போனது. பிளேடு தீட்டியபின் பாதி சரியாயிற்று, மீதிக்குக் கியரைக் குறைத்தே ஓட்டுகிறேன். இழுவையும் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், ஆனால் குறைந்த கியர்கள் இருப்பதால் பனி தள்ளும்போது அது உறைக்கவில்லை.

சரிவு நிலம் வைத்திருப்பவர்கள் ஒரு தடவை யோசியுங்கள், பிரேக் அதே பழைய பட்டைதான், மேல் கியரில் வண்டி உருளும் வேகம் மட்டும் புதிது. ரிவர்ஸும் சேர்ந்து வேகமாகிவிட்டது, இரண்டு வாரத்தில் வேலியை இரண்டு தடவை உரசினேன்.

ஐந்துக்கு நான்கு. அந்த ஸ்க்ரூவுக்காக ஒன்று கழித்தேன்.