மரமல்லியா, பவளமல்லியா?

விடிந்ததும் வாசலில் வெள்ளைப் பூ உதிர்ந்து கிடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் கடைசியில் இந்த இரண்டில் ஒன்றில்தான் வந்து நிற்கிறார்கள். வாசனையில் எது மேல் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. என் ஓட்டு மரமல்லிக்கு. தாம்பரம் பக்கம் எங்கள் வீட்டில் 2008 முதல் நிற்கிறது.

பவளமல்லி சின்ன இடத்துக்கு ஏற்றது. பத்துப் பன்னிரண்டு அடியில் அடக்கி வைக்கலாம். புதுத் துளிரில்தான் பூக்கும் என்பதால், பூக்காலம் முடிந்ததும் ஒரு கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது, போதும். இலை உப்புத்தாள் மாதிரி சுரசுரக்கும். கோடையில் களையிழந்து நிற்கும். தங்கை வீட்டில் மூன்று ஆண்டுகள் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்; அந்த அளவுக்கே நம்புங்கள்.

மரமல்லியை எல்லோரும் வேண்டாம் என்பதற்குக் காரணம் வேர்க்கன்று. நம் ஊரில் இது விதை பிடிப்பது அரிது. வேரிலிருந்தே குட்டி போடும். கறிவேப்பிலை வைத்திருப்பவர்களுக்குப் பழகிய தொல்லைதான். ஆனால் இது பல அடி தள்ளி, நடைபாதைக் கல்லின் இடுக்கிலும் எட்டிப் பார்க்கும். முதல் இரண்டு ஆண்டுகள் அரிவாளால் தரையோடு சீவினேன். ஒன்றைச் சீவினால் மூன்று வந்தன. மண்ணுக்குள் விட்ட அடித்தண்டிலேயே துளிர்விடும் மொட்டு இருக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது. மண்ணை விலக்கி, தாய்வேரில் ஒட்டிய இடம்வரை போய்ப் பிய்த்தெடுக்க வேண்டும். மழைக்கு மறுநாள், கன்று சாண் உயரத்தில் இருக்கும்போது இழுத்தால் கையோடு வந்துவிடும். மரத்தடியில் மண்வெட்டியும் போடாதீர்கள். காயம்பட்ட வேர்தான் கன்றுகளை வாரி இறைக்கும். களைக்கொல்லி அறவே கூடாது. தாய்க்கும் கன்றுக்கும் வேர் ஒன்றுதானே! இப்போது எனக்கு மழைக்காலத்தில் மாதம் அரைமணி நேர வேலை, அவ்வளவுதான்.

ஆனால் வைத்துவிட்டு மனம் மாறக் கூடாது. எங்கள் தெருவில் ஒருவர் மரத்தை அடியோடு வெட்டினார். மரம் போனது, தோட்டம் முழுக்கக் கன்றுக்காடு. இரண்டு மழைக்காலம் போராடினார்.

கிளை எளிதில் முறியும் என்பதும் உண்மை. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது ஒரு கிளை ஒடிந்து மதில்மேல் விழுந்தது. அந்தப் பயத்தில் நுனியை வெட்டிக் குட்டையாக்கினால் நிலைமை மோசமாகும். வெட்டிய இடத்தில் வரும் கிளைகள் இன்னும் பலவீனமானவை. ஒற்றைத் தண்டாக விடுங்கள். கீழ்க்கிளைகளைக் கட்டைவிரல் பருமனிலேயே எடுத்துவிடுங்கள். சுவர், கழிவுநீர்த் தொட்டி இரண்டிலிருந்தும் இருபதடியாவது தள்ளி நடுங்கள். அந்த இருபதடி இல்லாதவர்கள் பவளமல்லிக்கே போகலாம்.

நடுவதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மரமல்லி வைத்திருக்கும் யார் வீட்டுக் கதவையாவது தட்டுங்கள். கன்று கேட்டு ஆள் வந்தால் எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். கன்றைக்கூட நாங்களே எடுத்துக் கொடுப்போம்.