சித்தூர் போர்வெல் தண்ணீரும் டபுள் பீம் ஸ்பெக்ட்ரோவும்: ஐந்து வருட அனுபவம்

பாலக்காட்டின் கிழக்கோரம், சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு கூடுதல் என்பது ஊரறிந்த சங்கதி. அதை ஸ்பேட்ன்ஸ் என்ற சாயத்தின் நிறம் வெளுப்பதை வைத்து அளப்பதுதான் எங்கள் லேபில் டபுள் பீம் ஸ்பெக்ட்ரோவுக்கு (கரைசல் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று அளக்கும் கருவிக்கு) முக்கிய வேலை. கருவியைக் குறை சொல்ல அதிகமில்லை. வம்பு எல்லாம் குவெட்டிலும் (சாம்பிளை ஊற்றி ஒளியில் வைக்கும் சிறு கண்ணாடிக் குப்பி) தண்ணீரின் சூட்டிலும்தான்.

இந்த முறையில் ஃபுளோரைடு ஏற ஏற நிறம் வெளுக்கும். 570 நானோமீட்டர் அலைநீளத்தில் அப்சார்பன்ஸ் (விழுங்கும் ஒளியின் அளவு) இறங்கும். ஆகவே குவெட்டில் விரல்ரேகை, கலங்கல், குமிழி எது இருந்தாலும் அப்சார்பன்ஸ் கூடி, ஃபுளோரைடு குறைவாகத் தெரியும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய கிணறு, ரிப்போர்ட்டில் குடிக்கத் தக்கதாகிவிடும். ஆடி மழையில் இது இன்னும் மோசம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சாம்பிளை அப்படியே ஊற்றினால் குவெட்டின் வெளிச்சுவரில் பனி படியும். துடைத்தாலும் மறுபடி படியும். பனி இல்லாவிட்டாலும் சாம்பிளும் ஸ்டேண்டர்டும் (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) 2 டிகிரிக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது, நிறமே மாறும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, ஒரே சூட்டுக்கு வந்தபிறகே ரீஏஜென்ட்டை (சாயக் கரைசலை) தொட வேண்டும்.

அளவு: 50 மில்லி சாம்பிளுக்கு 10 மில்லி ரீஏஜென்ட், வால்யூமெட்ரிக் பைபெட்டில். அளவுசாடியில் ஊற்றினால் வேலைக்காகாது. ரீஏஜென்ட் சற்றுக் குறைந்தாலும் நிறம் குறைந்து, இல்லாத ஃபுளோரைடு முளைக்கும். ஸ்டேண்டர்டுக்கு 221 மில்லிகிராம் சோடியம் ஃபுளோரைடை ஒரு லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஃபுளோரைடு. பிளாஸ்டிக் பாட்டிலில்தான் வைக்க வேண்டும். ஃபுளோரைடு லிட்டருக்கு 1.4 மில்லிகிராம் வரைதான் அளவை நம்பலாம். அதற்கு மேல் கோடு வளைந்து குறைத்துக் காட்டும். சந்தேகம் வந்தால் 25 மில்லி சாம்பிளைச் சுத்த நீரால் 50 ஆக்கிப் பாருங்கள். குளோரின் போட்ட பஞ்சாயத்துத் தண்ணீர் சாயத்தை வெளுத்து, அளவைக் கூட்டிக் காட்டும். சோடியம் ஆர்சனைட் சொட்டு விட்டால் சரியாகும், ஆனால் அது விஷம், கையுறை கட்டாயம்.

கருவியைப் பற்றி: 570-க்கு டங்ஸ்டன் விளக்கே போதும். புற ஊதாவுக்கான டியூட்டீரியம் விளக்கை அணைத்து வைத்தால் அதன் மணிக்கணக்கு மிச்சம். அதுதான் விலை கூடியது. ஆனால் 220, 275 நானோமீட்டரில் நைட்ரேட் பார்க்கும் நாளில் அதுவும் வேண்டும், குவார்ட்ஸ் குவெட்டும் வேண்டும். கண்ணாடி அங்கே ஒளியை விழுங்கிவிடும். அலைநீளம் நகர்ந்ததா என்று ஹோல்மியம் கரைசலின் 536.6, 361.3 உச்சிகளில் மாதம் ஒருமுறை பார்த்துவிடுகிறோம். மழைக்காலத்தில் சாம்பிள் அறையில் சிலிக்கா ஜெல் நீலம் போய் இளஞ்சிவப்பானதும் மாற்றாவிட்டால் கண்ணாடிகளில் பூஞ்சை ஏறும்.

ஃபுளோரைடுக்காக மட்டும் வாங்குபவர் இதை வாங்க வேண்டியதில்லை. சல்ஃபேட் லிட்டருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டிய உப்புக் கிணறுகளில் ஸ்பேட்ன்ஸ் கூட்டிச் சொல்லும். ஃபுளோரைடை மின்னழுத்தத்தால் அளக்கும் லாந்தனம் ஃபுளோரைடு எலக்ட்ரோடு, டிசாப் பஃபருடன் (pH-ஐயும் உப்பின் செறிவையும் சமன்படுத்தும் கரைசல்), சல்ஃபேட்டை மதிக்காமல் அளக்கும். அதிலும் ஃபுளோரைடின் பத்து மடங்கு மாற்றத்துக்கு 54 முதல் 60 மில்லிவோல்ட் ஸ்லோப் வருகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். இரும்புக்கு 510, நைட்ரேட்டுக்கு 220 என்று எல்லாமே ஒரே பெட்டியில் வேண்டுமென்றால்தான் ஸ்பெக்ட்ரோ லாபம்.