செமாக்ளூடைட் ஊசி: 18 மாதம் போட்ட பிறகு

எடை குறைக்க வாரத்துக்கு ஒரு ஊசி என்று செமாக்ளூடைட் போட ஆரம்பித்து 18 மாதம் ஆகிவிட்டது. தொடங்கியபோது 108 கிலோ, இப்போது 91. முதல் இரண்டு மாதத்திலேயே இதை எழுதியிருந்தால் வெறும் புகழ்ச்சியாகத்தான் எழுதியிருப்பேன். அப்போது பசி அடங்கிய சந்தோஷம் மட்டும்தான் தெரிந்தது. அந்தப் பசியின்மையையே கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏழாவது மாதம் பட்ட பிறகுதான் புரிந்தது.

உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டுகிற என் பி.எம்.ஐ. அப்போது 36. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வேறு எடுத்துக்கொண்டிருந்தேன். பொதுவாக 30க்கு மேல் இருப்பவர்களுக்கும், 27க்கு மேல் இருந்து கூடவே ரத்த அழுத்தம், சர்க்கரை மாதிரி ஏதாவது இருப்பவர்களுக்கும் இந்த மருந்தைக் கொடுக்கிறார்கள். மருத்துவர் உடனே எழுதிக் கொடுக்கவில்லை. குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய், அதிலும் மெடுல்லரி வகை, இருந்ததா, எனக்குக் கணைய அழற்சி வந்திருக்கிறதா, பித்தப்பையில் கல் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சிறுநீரகம், ஈரல், மூன்று மாதச் சர்க்கரை எல்லாம் பார்த்த பிறகுதான் மருந்துச் சீட்டு வந்தது. அன்று கொஞ்சம் எரிச்சலாக இருந்தது, இன்று அந்தக் கேள்விகளுக்கு நன்றியோடு இருக்கிறேன்.

ஊசி போடுவது பெரிய விஷயமே இல்லை. பேனா மாதிரி ஒன்று, வயிற்றிலோ தொடையிலோ வைத்து அழுத்த வேண்டும், ஒவ்வொரு வாரமும் இடத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். 0.25 மில்லிகிராமில் தொடங்கி 0.5, 1, 1.7, கடைசியாக 2.4 என்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவார்கள். நான் வெள்ளிக்கிழமை இரவைத் தேர்ந்தெடுத்தேன். போட்ட மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் குமட்டல் அதிகம் என்பதால் வேலை இல்லாத நாட்களில் அது கழிந்துவிடும்.

மூன்றாவது வாரம் நடந்ததை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சாயங்காலம் உட்கார்ந்திருக்கிறேன், தலைக்குள் அமைதியாக இருக்கிறது. அடுத்து என்ன சாப்பிடலாம், மிச்சம் இருக்கிறதா, எடுக்கலாமா வேண்டாமா என்று சின்ன வயதிலிருந்து உள்ளே ஓடிக்கொண்டிருந்த பேச்சு நின்றுபோயிருந்தது. மற்றவர்கள் எல்லாம் இப்படித்தான் இருக்கிறார்களா என்று நினைத்து அன்று அழுதுவிட்டேன். சாப்பிட்டதும் குடலில் சுரக்கிற ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோன் இரண்டு நிமிடத்தில் பாதி அழிந்துவிடும். அதைப் போலவே வேலை செய்கிற இந்த மருந்து உடம்பில் பாதி குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் எடுக்கும். மூளைக்கு ‘போதும்’ என்ற செய்தி போய்க்கொண்டே இருக்கிறது, இரைப்பையும் மெதுவாகக் காலியாகிறது. இத்தனை வருடம் மனக்கட்டுப்பாடு இல்லை என்று என்னைத் திட்டியவர்கள் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

பக்க விளைவுகளுக்கு வருகிறேன். 0.5 வரை லேசான குமட்டல். 1 மில்லிகிராமில் மலச்சிக்கலும், அழுகின முட்டை வாடை அடிக்கிற ஏப்பமும் சேர்ந்துகொண்டன. 1.7க்குப் போன முதல் வாரம், எண்ணெயில் பொரித்ததை வழக்கமான அளவு சாப்பிட்டுவிட்டு விடிய விடிய வாந்தி எடுத்தேன், மறுநாள் தண்ணீர்கூட நிற்கவில்லை. மருத்துவர் மறுபடி 1க்கு இறக்கி ஆறு வாரம் அங்கேயே வைத்தார். அட்டவணையில் இருக்கிற வேகத்தில் எல்லா உடம்பும் ஏறாது, ஏற வேண்டிய அவசியமும் இல்லை என்றார்.

அப்புறம் அந்த ஏழாவது மாதம். 11 கிலோ குறைந்திருந்தது, பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். எனக்கோ இரண்டு மாடி ஏறினால் தொடை நடுங்கியது, எழுந்தால் தலை சுற்றியது, சீப்பில் முடி கொத்தாக வந்தது. உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று காட்டுகிற உடலமைப்புப் பரிசோதனை எடுத்துப் பார்த்தால் போன 11 கிலோவில் கிட்டத்தட்ட 4 கிலோ கொழுப்பு அல்லாத எடை, அதாவது தசை மாதிரியானவை. காரணம் எளிது. பசிக்கவில்லை என்பதால் நான் சாப்பிடவே இல்லை. சில நாள் மதியம் வரை ஒன்றும் இறங்காது, அதைச் சாதனையாக நினைத்துக்கொண்டிருந்தேன். தலைசுற்றலுக்குக் காரணம் வேறு, எடை குறைந்த பிறகும் பழைய அளவிலேயே ரத்த அழுத்த மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பாதியாகக் குறைத்ததும் சரியானது. இதை நானாகக் கண்டுபிடித்திருக்க முடியுமா? எனக்கு முடிந்திருக்காது.

அன்றிலிருந்து கடிகாரம் பார்த்துச் சாப்பிடுகிறேன். தட்டில் முதலில் புரதம், மற்றதெல்லாம் வயிற்றில் இடம் இருந்தால். ஒரு நாளைக்கு 100 கிராம் புரதம் என்று ஊட்டச்சத்து நிபுணர் கணக்குப் போட்டுக் கொடுத்தார், பசியே இல்லாதபோது அதை முடிப்பது உண்மையிலேயே கஷ்டம். வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி. மூன்று நான்கு மாதத்தில் முடி கொட்டுவது நின்றது, மாடிப்படி பழையபடி ஏற முடிந்தது. இப்போது தொடங்குகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது இந்த ஒரு வேண்டுகோள்தான்: முதல் ஊசி போடுகிற வாரத்திலேயே புரதம், எடைப் பயிற்சி இந்த இரண்டையும் தொடங்கிவிடுங்கள், என்னைப் போல ஏழு மாதம் கழித்து வேண்டாம்.

நடுவில் ஒருமுறை மருந்து கிடைக்காமல் ஐந்து வாரம் விட்டுப்போனது. இரண்டாவது வாரம் வரை தெரியவில்லை, மூன்றாவது வாரம் தலைக்குள் அந்தச் சாப்பாட்டுப் பேச்சு மறுபடி தொடங்கிவிட்டது, 3 கிலோ ஏறியது. இந்த மருந்தைப் பற்றி 2021இல் வெளியான ஸ்டெப் 1 என்ற ஆய்வில், மருந்து போட்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. அவர்களில் ஒரு பகுதியினரை மருந்தை நிறுத்தித் தொடர்ந்து கவனித்தபோது, குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருடத்தில் திரும்பிவிட்டது. இதைப் படித்திருந்தும் என் உடம்பில் பார்த்தபோதுதான் நம்பினேன். விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று நினைத்தேன், மருத்துவர் 0.5இலிருந்து மறுபடி ஏற்றினார்.

சில விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மேல்வயிற்றில் ஆரம்பித்து முதுகு வரை பரவுகிற கடும் வலி வந்தால் காத்திருக்காதீர்கள், அது கணையமாக இருக்கலாம். மயக்க மருந்து கொடுத்துச் செய்கிற எந்தச் சிகிச்சைக்கும் முன்னால் இந்த ஊசி போடுவதைச் சொல்லிவிடுங்கள், இரைப்பையில் உணவு தங்கியிருக்கும். கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். சீட்டு இல்லாமல் யாரோ விற்கிற குப்பி மருந்தைத் தொடவே வேண்டாம்.

எடை நான்கு மாதமாக 91லேயே நிற்கிறது. எடை குறைக்கிற இன்னொரு ஊசியான டிர்செபடைடுக்கு மாறலாமா என்று மருத்துவர் கேட்டார். சராசரியாக அதில் கூடுதலாகக் குறைகிறது என்பது உண்மைதான். இப்போதைக்கு வேண்டாம், 1.7லேயே இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் மறுபடி உடலமைப்புப் பரிசோதனை, கால்களில் தசை எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்க்கத்தான் காத்திருக்கிறேன்.